வெள்ளிக்கிழமைத் தாள்

குன்னூர்,
14-10-2024

அன்புள்ள தம்பி பாலுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். நீ, வாசுகி, அம்மா, கீர்த்தனா எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் இருமல் குறைந்ததா? கிளென்மார்கனில் மழை விட்டதா?

வியாழக்கிழமையிலிருந்து பதினேழு தடவை உனக்குப் போன் செய்துவிட்டேன். என் நம்பரை நீ பிளாக் செய்திருக்கிறாய் என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ரேகா டீச்சர்தான் பார்த்துச் சொன்னார். தபாலை உன்னால் நிறுத்த முடியாதல்லவா. அதனால் எஸ்டேட் ஆபீஸ் முகவரிக்கே எழுதுகிறேன்.

அன்றைக்குப் பிரின்சிபால் அறையில் நீ யாரையும் பேச விடவில்லை. "என் புள்ள திருடியா?" என்று மேசையைத் தட்டினாய். பிரின்சிபால் கருணாகரன் சார் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன், கோபப்படாமல் படி.

காலாண்டுத் தேர்வில் பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாள் நான் தயாரித்தது. அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு கேள்வியில் எண்ணை மாற்றினேன். எங்கள் பள்ளியில் விடைத்தாளை இன்னொரு ஆசிரியர்தான் திருத்துவார். அவர் பார்த்தபோது பதினொரு பிள்ளைகள் பழைய எண்ணுக்கே விடை எழுதியிருந்தார்கள். அப்படியென்றால் அச்சுக்குப் போகாத தாளை அவர்கள் முன்பே பார்த்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமைத் தாளைப் பற்றி நான் இங்கே படித்த காலத்திலேயே உனக்குக் கதை கதையாகச் சொல்லியிருக்கிறேன். வாரத்தின் கடைசிப் பாடவேளையில் ஒவ்வொரு பிள்ளையும் தான் செய்த தவறை அரைத் தாளில் எழுதிப் பெட்டியில் போடும். வகுப்பாசிரியர் மட்டும் படிப்பார், ஜெபிப்பார், திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் கிழித்துப் போடுவார். எழுதியதற்குத் தண்டனை கிடையாது. பயத்தை எடுத்துவிட்டால் பிள்ளை தானாக உண்மை பேசும் என்பது பள்ளியை நிறுவிய பெரியவரின் எண்ணம். பள்ளி டைரியின் முதல் பக்கத்தில் இன்றும் அதுதான் இருக்கிறது.

கணக்குத் தேர்வு முடிந்த வாரம் கீர்த்தனா எழுதிய தாளில், ஸ்டாஃப் ரூம் அலமாரியைத் திறந்து வினாத்தாளைப் பார்த்ததாகவும் தோழிகளுக்குச் சொன்னதாகவும் இருந்தது. அந்த வாரத் தாள்களைக் கிழிக்காமல் தரும்படி சார் கேட்டார். நான் அவளுக்கு வகுப்பாசிரியரும்தானே? தம்பி மகள் என்று மறைத்தால் என்னை யார் மதிப்பார்கள்?

அவளுடைய நீல ஸ்வெட்டரும் நோட்டுகளும் அவள் தங்கிப் படித்த என் வீட்டிலேயே இருக்கின்றன. யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். ஒரு வார்த்தையாவது எழுது.

அன்புடன்,
அக்கா ரேணுகா


கிளென்மார்கன்,
21-10-2024

அக்காவுக்கு,

பாலு எழுதிக்கொள்வது. 'நாங்கள் அனைவரும் நலம்' என்று எழுதிப் பழகிய கை அதையே எழுதப் போனது, நிறுத்திவிட்டேன். நலமாக இல்லை. அம்மாவுக்கு இருமல் அப்படியேதான் இருக்கிறது. மழையும் விடவில்லை.

போனில் பேச மாட்டேன். நீ டீச்சர், பேசியே என்னைச் சமாளித்துவிடுவாய். எழுத்தில் எழுது. எழுத்தென்றால் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கலாம்.

அன்றைக்கு ஊட்டி பஸ் ஸ்டாண்டில் வைத்துத்தான் டி.சி.யைப் பிரித்தேன். 'நடத்தை: திருப்தியில்லை. நீக்கக் காரணம்: திருட்டு.' கீர்த்தனாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், ஆறும் வரை கையில் வைத்திருந்துவிட்டுக் கீழே ஊற்றினாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்: "என்னாடா இது, அந்தக் காலத்துல நம்மள அங்கேயிருந்து கடதாசி குடுத்துத்தான் வெரட்டுனானுங்க. இப்ப புள்ளைக்குமா கடதாசி குடுத்துட்டானுங்க?" இலங்கையிலிருந்து அப்பாவும் அம்மாவும் கப்பலேறி வந்த கதையை இந்த இடத்தில் சேர்ப்பார் என்று நான் நினைக்கவில்லை.

நீ பதில் சொல். பதினொரு பேர் பார்த்து எழுதினார்கள். மற்ற பத்துப் பேரும் அந்த வெள்ளிக்கிழமை என்ன எழுதினார்கள்? காலையில் லேட்டாக எழுந்தேன், தம்பியை அடித்தேன் என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் இன்றைக்கும் உன் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய அப்பாக்கள் காரில் வந்தார்கள். நான் ஃபேக்டரிச் சட்டையோடு ஆறு மணி பஸ்ஸில் வந்தேன். உங்கள் சாமி படத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றேன்.

உண்மையைச் சொன்னால் தண்டனை இல்லை என்று நான்கு வருடம் சொல்லிக்கொடுத்தீர்கள். அதை நம்பி எழுதியவள் ஒருத்தி. நீங்கள் நடத்திய பாடத்தை அந்தப் பதினொரு பேரில் படித்தவளே அவள்தான். அவளைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டுப் பொறுமையாக உட்கார்ந்திருந்தாராம் உன் சார்!

ஸ்வெட்டரை யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். இங்கே வேறு இருக்கிறது.

இப்படிக்கு,
பாலகுமார்


குன்னூர்,
4-11-2024

அன்புள்ள பாலுவுக்கு,

அக்காவின் ஆசிகள். தீபாவளிக்கு நான் அனுப்பிய துணிப் பார்சல் திரும்பி வந்தது. வாசுகிக்கு வாங்கிய சேலையும் அதில் இருந்தது. என்மேல் உள்ள கோபத்தில் அவளுக்கு ஏன் இல்லாமல் செய்தாய்? எனக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது தேவலை.

நீ கேட்டதை நானும் யோசித்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைத் தாளில் மன்னிப்பது பிள்ளைகளின் சிறு தவறுகளை. பூட்டியிருந்த அலமாரியைத் திறப்பது அந்த வகையில் வராது என்பது சாரின் கருத்து. எந்த நல்ல கொள்கைக்கும் ஓர் எல்லை இருக்கும். மற்ற பிள்ளைகள் கீர்த்தனா சொன்னதைக் கேட்டவர்கள், அவ்வளவுதான். அவர்களையும் எச்சரித்திருக்கிறோம்.

பள்ளியைப் பழிக்காதே, பாலு. ஆறாம் வகுப்பில் என்னை எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து கூட்டிவந்து இலவசமாகப் படிக்க வைத்த பள்ளி இது. மதம் மாறு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இது இல்லாவிட்டால் நான் இன்றைக்குத் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பேன்.

கீர்த்தனா என்னைப் பற்றி ஏதாவது சொல்கிறாளா? அவளை ரொம்பக் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யாதே. நடந்ததை மறக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா ரேணுகா


கிளென்மார்கன்,
18-11-2024

அக்காவுக்கு,

பாலு எழுதுகிறேன். காய்ச்சல் விட்டதற்குச் சந்தோஷம். இங்கே அம்மா பரவாயில்லை.

கொழுந்து பறிப்பது அவ்வளவு கேவலமா? வாசுகி பறிக்கிறாள். அம்மா முப்பது வருடம் பறித்தார். அந்தக் கூலியில்தான் உனக்கு ஹாஸ்டலுக்குப் பெட்டி வாங்கினார்கள். உன் கடிதத்தை வாசுகிக்கும் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். கீர்த்தனாவை இங்கே மேலே இருக்கிற அரசுப் பள்ளிக்குக் கூட்டிப் போனேன். தலைமையாசிரியை அங்கம்மா டி.சி.யை இரண்டு தடவை படித்தார். "ஏனுங்க, பத்தாவதுல பாதி வருசத்துல வர்றது பெருசில்லீங்க. புள்ள நாளையிலிருந்தே கிளாசுல வந்து உக்காரட்டும். ஆனா பரீட்சைக்குப் பேர் ஏத்தோணும்னா இந்த டி.சி.யைத்தானுங்க மேல அனுப்போணும். திருட்டுன்னு போட்டிருக்கறத பாத்தா நூறு கேள்வி கேப்பாங்க. அந்த வரிய மட்டும் மாத்தி வாங்கிட்டு வந்துருங்க. ஜனவரி பதிமூணாந்தேதிக்குள்ள பட்டியல் போயிருமுங்க" என்றார்.

அதற்குள் மாற்றாவிட்டால் ஒரு வருடம் போய்விடும். வருடம் போனாலும் 'திருட்டு' போகாது. பதினொன்றாம் வகுப்புக்கு எந்தப் பள்ளிக்குப் போனாலும் அந்தக் காகிதத்தைத்தான் முதலில் நீட்ட வேண்டும்.

உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். உன் சாரிடம் போய் அந்த ஒரு வரியை மாற்றி வாங்கு. இருபத்திரண்டு வருடம் அங்கே வேலை பார்க்கிறவள் சொன்னால் கேட்க மாட்டாரா?

உன்னைப் பற்றிக் கீர்த்தனா எதுவும் சொல்லவில்லை. யாரைப் பற்றியும் சொல்லவில்லை. சாப்பிடுகிறாள், பள்ளிக்குப் போகிறாள், வருகிறாள்.

பாலகுமார்


குன்னூர்,
9-12-2024

அன்புள்ள பாலுவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, தப்பாக நினைக்காதே. அரையாண்டுத் தேர்வு வேலை, கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி எல்லாம் சேர்ந்துகொண்டன. உங்கள் பக்கம் உறைபனி விழ ஆரம்பித்திருக்குமே. அம்மாவைக் காலையில் வெளியே விடாதே. காதுக்குத் துணி கட்டச் சொல்.

நீ எழுதிய விஷயத்தைச் சாரிடம் பேசத்தான் நினைத்திருக்கிறேன். அவர் இரண்டு வாரமாக வெளியூரில் இருந்தார். வந்ததும் விழா வேலைகள். இப்போது போய்க் கேட்டால் கோபத்தில் முடியாது என்று சொல்லிவிடுவார். கிறிஸ்துமஸ் முடியட்டும். மனது இளகியிருக்கும் நேரமாகப் பார்த்துக் கேட்கிறேன்.

கீர்த்தனாவுக்குக் கணக்கில் நிகழ்தகவுப் பாடம் முடிந்ததா? அதில் அவள் கொஞ்சம் அவசரப்படுவாள். முக்கியமான கணக்குகளை இதோடு தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன், கொடு.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அக்கா ரேணுகா


கிளென்மார்கன்,
19-12-2024

ரேணுகா டீச்சர் அவர்களுக்கு,

கிளென்மார்கன் தேயிலை ஃபேக்டரித் தொழிலாளி வீ.பாலகுமார் எழுதுவது. உங்கள் நலத்தை இந்தத் தடவை விசாரிக்கவில்லை.

டி.சி. வாங்க வந்த அன்றைக்கு உங்கள் பிரின்சிபாலைப் பார்க்கும் வரை என்னை ஒரு மணி நேரம் ஸ்டாஃப் ரூமில்தான் உட்கார வைத்தார்கள். எனக்கு எதிரே அந்த அலமாரி இருந்தது. ஃபேக்டரியில் பூட்டு, தாழ்ப்பாள், மெஷின் எல்லாம் பார்க்கிறவன் நான். கண் தானாகப் போகும். இரும்பு அலமாரி, நம்பர் பூட்டு.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அந்த நினைவு வந்து, சும்மாதான் கேட்டேன். "அத எப்புடிம்மா தொறந்த?"

"சாவி ஆணியில தொங்குச்சுப்பா."

"அதுக்குச் சாவியே கெடையாதேம்மா. நம்பர் பூட்டுல்ல?"

அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. வாசுகியைப் பார்த்தாள். பிறகு, "அத்தைக்கு வேல போயிரும்பா. யாருகிட்டயும் சொல்லாதீங்கப்பா" என்று அழுதாள். இரண்டு மாதமாக அழாத பிள்ளை அழுதது.

இனிமேல் நீங்கள் கதை சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன். சரியா தப்பா என்று மட்டும் திருத்துங்கள், டீச்சர்தானே. வினாத்தாள் ஸ்டாஃப் ரூமில் இல்லை. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. பள்ளியை விட்டு வெளியே கொண்டு போகக்கூடாத தாளை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தீர்கள். தட்டு வைக்க இடமில்லாமல் நகர்த்தியபோது பிள்ளையின் கண்ணில் பட்டது. பார்த்தாள், தோழிகளிடம் சொன்னாள். அது தப்பு. தப்பு என்று அவளுக்கே தெரிந்துதான் வெள்ளிக்கிழமைத் தாளில் அப்படியே எழுதினாள். 'அத்தை வீட்டு மேசையில் இருந்ததைப் பார்த்துவிட்டேன், மன்னிக்கவும்' என்று எழுதினாள்.

பிரின்சிபால் தாள்களைக் கேட்டதும் நீங்கள் அதை வீட்டுக்கு எடுத்துவந்து கேஸ் அடுப்பில் எரித்தீர்கள். அவளை அதே மேசையில் உட்கார வைத்து வேறு தாள் எழுத வைத்தீர்கள். ஸ்டாஃப் ரூம், அலமாரி, எல்லாம் நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினாள். 'அலமாரி' என்பதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டாளாம். அதைக்கூட நீங்கள் விடவில்லை, திருத்தி எழுதச் சொன்னீர்களாம். "எழுதுனவங்களத் தண்டிக்க மாட்டாங்க கண்ணு, நம்ம ஸ்கூல்ல அந்த வழக்கமே இல்ல" என்று தலையைத் தடவினீர்களாம்.

என் பிள்ளை எழுதிய உண்மையை எரித்துவிட்டு, அவள் கையாலேயே அவளைத் திருடியாக்கியிருக்கிறீர்கள். அதற்கப்புறம் எனக்கு எல்லையைப் பற்றி, கொள்கையைப் பற்றி, நிகழ்தகவைப் பற்றிக் கடிதம் எழுதுகிறீர்கள். உங்களுக்கு வெட்கமாக இல்லையா?

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கிழவிக்கு மகள் டீச்சர் என்பது ஒன்றுதான் பெருமை.

ஜனவரி பதிமூன்று. ஞாபகம் இருக்கட்டும்.

வீ.பாலகுமார்


குன்னூர்,
28-12-2024

பாலு,

நீ எழுதியது எல்லாம் உண்மை. திருத்த ஒன்றும் இல்லை.

போன வருடம் வினாத்தாளை வீட்டுக்குக் கொண்டு போன ஓர் ஆசிரியரை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவருக்குக் கணவர் இருந்தார், சொந்த வீடு இருந்தது. எனக்கு இந்த வேலையும் இந்தக் குவார்ட்டர்ஸும்தான். கீர்த்தனாவின் தாளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் படித்தபோது முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு பொய்யான வார்த்தை இல்லை. அடுத்த நாள் அதை எரித்தேன்.

பிள்ளைக்கு மன்னிப்புக் கிடைக்கும், எனக்குக் கிடைக்காது என்று கணக்குப் போட்டேன். டி.சி. வரை போகும் என்று நினைக்கவில்லை. போன பிறகும் வாயைத் திறக்கவில்லை. பயத்தை எடுத்துவிட்டால் உண்மை வரும் என்று இருபத்திரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தவளுக்குத் தன் பயத்தை எடுக்கத் தெரியவில்லை.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஆசிரியர்களும் தாள் எழுதிப் பிரின்சிபாலிடம் கொடுக்க வேண்டும். ஜனவரி மூன்றாம் தேதி வருகிறது. எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கிறேன். டி.சி. மாறும்.

வாசுகியிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். கீர்த்தனாவிடம் நான் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ரேணுகா


குன்னூர்,
5-1-2025

தம்பி பாலுவுக்கு,

நீ பதில் போடவில்லை. போட மாட்டாய் என்று தெரியும். இதைப் படித்துவிடு, அது போதும். அம்மாவுக்கு உடம்பு எப்படி?

வெள்ளிக்கிழமை நான்கு பக்கம் எழுதிக் கொண்டுபோய்க் கருணாகரன் சார் கையில் கொடுத்தேன். முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரொம்பத் தைரியம் டீச்சர்" என்றார். கண்ணை மூடி எனக்காக ஜெபித்தார். ஜெபம் முடிந்ததும் என் கண்முன்னாலேயே அந்த நான்கு பக்கத்தையும் இரண்டாகக் கிழித்தார், நான்காகக் கிழித்தார், கூடையில் போட்டார்.

"மன்னிக்கப்பட்டாச்சு டீச்சர். இனிமே இதை நீங்களும் நினைக்க வேண்டாம், நானும் நினைக்கலை" என்றார்.

"சார், அந்தப் பொண்ணோட டி.சி.?" என்றேன்.

"அந்த ஃபைல் முடிஞ்சுபோச்சு. இப்ப அதைத் திறந்தா பேப்பர் ஒரு டீச்சர் வீட்டிலிருந்து போச்சுன்னு ஆகும். நூத்திப் பத்து வருஷத்துப் பேரு. ஒரு குழந்தை கொஞ்சம் கஷ்டப்படுது, நான் இல்லேன்னு சொல்லலை. அதுக்காகவும் ஜெபிப்போம்."

பாலு, எனக்கு அப்போது வந்த கோபம் என் ஆயுளில் வந்ததில்லை. உன் கோபத்தைப் படித்தபோதெல்லாம் எனக்குப் பயம்தான் வந்தது. கூடையில் கிடந்ததைப் பார்த்தபோதுதான் நீ மேசையை ஏன் தட்டினாய் என்று புரிந்தது. பிள்ளையின் தாளைக் கிழிக்காமல் ஃபைலில் வைத்துக்கொண்டார்கள், அதுவும் பொய்த் தாளை. என்னுடையதைக் கிழித்துவிட்டார்கள். பள்ளியை நிறுவிய அந்த மனிதர் எந்தப் பயத்தை எடுக்க நினைத்தாரோ, அந்தப் பயத்தை வைத்துத்தான் நாங்கள் எல்லோரும் அங்கே சம்பளம் வாங்குகிறோம்.

மன்னிக்கப்பட்டுவிட்டேனாம்! யாரிடம் கேட்டு மன்னித்தார்? நான் கெடுத்தது கீர்த்தனாவை. அவளிடம் யாராவது கேட்டார்களா?

இதோடு தனியாக இரண்டு பக்கம் இருக்கிறது. பள்ளிக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் எழுதியது. வினாத்தாளை வீட்டுக்குக் கொண்டு வந்தது நான், பிள்ளையின் தாளை எரித்தது நான், பொய்த் தாளை எழுதச் சொன்னது நான் என்று தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ரேகா டீச்சர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவருக்கும் பயம்தான், ஆனாலும் போட்டார். பத்துப் பிரதி எடு. பதிமூன்றாம் தேதிக்குள் போ. என்னைக் காப்பாற்ற நினைத்து எதையும் குறைக்காதே.

ரேணுகா


கிளென்மார்கன்,
16-1-2025

அக்காவுக்கு,

பாலு எழுதுகிறேன். அம்மா சுகம். பொங்கலுக்கு உன்னை எங்கே என்று கேட்டார். பள்ளியில் வேலை என்று சொல்லிவைத்தேன். நானும் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

பத்தாம் தேதி லீவு போட்டுவிட்டுக் கீர்த்தனாவையும் கூட்டிக்கொண்டு வந்தேன். ஊட்டியில் பிரதி எடுத்து, ஒன்றைக் கல்வி அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு, பிறகுதான் குன்னூர் பஸ் ஏறினோம். உன் சார் படித்தார். "இதை வெச்சுட்டுப் போங்க, பார்க்கிறேன்" என்றார்.

"வெச்சுட்டுப் போறதுக்கு வரலீங்க சார். இதோட நகல் ஆபீசுல குடுத்தாச்சு. இந்தாங்க முத்திரை" என்றேன். இந்தத் தடவை மேசையைத் தட்டவில்லை.

அவர் மறுபடியும் ஆரம்பித்தார். "மன்னிப்புதான் எங்க கல்வியோட அஸ்திவாரம். நீங்க அதைப் புரிஞ்சுக்கணும்."

"டீச்சருக்கு மன்னிப்பு, புள்ளைக்கு டி.சி. இதுதானுங்களா சார் அஸ்திவாரம்?" என்றேன். அவர் ஆபீஸ் ஆளைக் கூப்பிட்டார். முக்கால் மணி நேரத்தில் புது டி.சி. வந்தது. 'நடத்தை: நன்று.' திருட்டு என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. நான் நான்கு தடவை படித்தேன்.

கிளம்பும்போது கீர்த்தனாவைப் பார்த்து, "நீ திரும்பி வரலாம்மா. திங்கட்கிழமையே வா. உன் இடம் அப்படியே இருக்கு" என்றார். அவள் சொன்னாள்: "வேண்டாம் சார். வந்தா வெள்ளிக்கிழம என்னத்த எழுதறது?"

நான் டி.சி.யை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பள்ளி விட்ட நேரம், உன் வீட்டு வாசல் வழியாகத்தான் இறங்கினோம். நீ உள்ளே இருப்பது தெரியும். கீர்த்தனா ஒரு நிமிடம் நின்றாள். நான்தான் வா என்று கூட்டிவந்துவிட்டேன். நீ அந்த இரண்டு பக்கத்தை எழுதியது பெரிய காரியம். அக்டோபரில் எழுதியிருக்க வேண்டிய காரியம். என்னால் இப்போதைக்கு இவ்வளவுதான் முடியும்.

பாலு


குன்னூர்,
22-1-2025

அன்புள்ள பாலு, வாசுகி, கீர்த்தனா,

எல்லோரும் சுகம்தானே? திங்கட்கிழமை என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நான் எதிர்பார்த்ததுதான். மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பக்கத்தில் ஜெகதளா கிராமத்தில் வாடகைக்கு ஓர் அறை பார்த்திருக்கிறேன். அங்கே டியூஷன் எடுக்கலாம்.

பட்டியலில் கீர்த்தனாவின் பெயர் ஏறியதா? அதை மட்டும் ஒரு வரி எழுதினால் போதும்.

அக்கா ரேணுகா


கிளென்மார்கன்,
29-1-2025

அத்தைக்கு,

கீர்த்தனா எழுதுகிறேன். நான் நலம். அம்மாவும் அப்பாவும் பாட்டியும் நலம். உங்களுக்குத் தலைவலி வராமல் இருக்கிறதா?

பட்டியலில் என் பெயர் ஏறிவிட்டது. அங்கம்மா மிஸ் கம்ப்யூட்டரில் காட்டினார்கள். வீ.பா.கீர்த்தனா. அப்பா அதைப் போனில் படம் எடுத்து ஃபேக்டரி முழுக்கக் காட்டிவிட்டார்.

உங்கள் கடிதத்தை அப்பா சத்தமாகப் படித்தார். ஜெகதளா என்று வந்ததும் நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார். அம்மாதான் சொன்னாங்க, "வாடகைக்கு ரூம் எதுக்கு, நம்ம ஊட்டுக்கே வரச் சொல்லி நீயே எழுது" என்று. அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். முன்னறையில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.

ஆனால் சில விஷயங்களை இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்பாவின் கோபம் போய்விடும், எனக்குத் தெரியும். எனக்கு இன்னும் போகவில்லை. உங்கள் மேல் யாரும் சந்தேகப்படக்கூடாது என்று நீங்கள் சொன்னதால்தான் அன்றைக்கு எழுதினேன். நீங்கள் அழுதுகொண்டே சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. பாடம் நடத்துகிற மாதிரி சொன்னீர்கள். அந்த வகுப்பில் இருந்து ஒருத்தியும் எனக்குப் போன் செய்யவில்லை, அதுகூடப் பரவாயில்லை. நீங்கள் செய்ததுதான் வலிக்கிறது.

இங்கே கணக்குக்கு டீச்சர் இல்லை. போஸ்டிங் போட்டவர் வரவே இல்லை. பத்தாம் வகுப்பில் பத்தொன்பது பேர் இருக்கிறோம். மாலையில் எல்லோரும் நம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் எவ்வளவு நன்றாக நடத்துவீர்கள் என்று நான்தான் சொன்னேன், அது உண்மை என்பதால்.

சீக்கிரம் வாருங்கள், பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. மன்னித்துவிட்டாயா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். கடைசிப் பரீட்சை முடிந்த அன்றைக்கு நான் உங்களோடு சண்டை போட வேண்டும். நிறைய இருக்கிறது. அது முடியும் வரை நீங்கள் இங்கிருந்து எங்கேயும் போகக்கூடாது.

இப்படிக்கு,
கீர்த்தனா